முதல் முறை நெல் போடுகிறவர்களுக்கு: டெல்டா வயலில் புழங்கும் சொற்களும் கணக்கும்

நான் முதன்முதலில் குறுவை (ஜூன், ஜூலையில் விதைக்கும் நெல்) போட்ட வருடம், விதை மூட்டையில் "110 நாள்" என்று அச்சிட்டிருந்தது. வாரக் கடைசியில் மட்டும் ஊருக்கு வந்து போய்க்கொண்டிருந்த காலம் அது. நட்ட நாளிலிருந்து 110 எண்ணி, அறுவடை மெஷின்காரரிடம் தேதி சொல்லி வைத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். அதற்கு மூன்று வாரம் முன்பே பக்கத்து வயல் பெரியவர் போன் செய்தார். "தம்பி, கதிரு முத்திப் போயி நிக்குது. மெஷினுக்குச் சொல்லலையா?" மெஷின் கிடைக்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் மழை வந்து பாதி வயல் சாய்ந்துவிட்டது.

110 நாள் என்பது விதை நாற்றங்காலில் விழுந்த நாளிலிருந்து எண்ண வேண்டிய கணக்கு. இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் அந்த நெல் வீட்டுக்கு வந்திருக்கும். யாரும் சொல்லாததற்குக் காரணம், ஊரில் எல்லோருக்கும் அது தெரியும் என்பதுதான். அப்படி "எல்லோருக்கும் தெரிந்த" சொற்களைத்தான், ஒரு நெல் பயிரின் வரிசைப்படி இங்கே எழுதுகிறேன். நான் பயிர் செய்வது தஞ்சாவூர்ப் பக்கம். வேறு மாவட்டத்தில் சில சொற்களும் சில அளவுகளும் மாறும்.

முதலில் நிலத்தின் தாள்

கையில் பட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று வருவாய்த் துறை சொல்லும் தாள் அது. சிட்டா என்பது ஒருவர் பெயரில் அந்தக் கிராமத்தில் எந்தெந்த நிலம், எவ்வளவு, நன்செயா புன்செயா, தீர்வை எவ்வளவு என்ற விவரம். இப்போது இணையத்தில் எடுத்தால் இரண்டும் ஒரே தாளில் வந்துவிடுகின்றன. புல எண் என்பதுதான் பேச்சில் சர்வே நம்பர். அதற்குப் பக்கத்தில் 2ஏ, 2பி என்று வருவது உட்பிரிவு.

புதிதாக வருகிறவர்கள் கோட்டைவிடுவது அடங்கலில். பட்டா நிலத்தின் உரிமையைச் சொல்கிறது. அடங்கல் அந்த நிலத்தில் இந்த வருடம் என்ன பயிர் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. கிராம நிர்வாக அலுவலர் பசலி ஆண்டுக் கணக்கில் எழுதுவது. பசலி ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். பசலி 1435 என்றால் 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை. பயிர்க் காப்பீடு, கூட்டுறவுக் கடன், நெல் கொள்முதல் மூன்றுக்கும் அடங்கல் கேட்பார்கள். நட்டு முடித்த கையோடு போய்ப் பதிந்து வாங்கிவிடுங்கள். அறுவடை சமயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் அதற்காக நிற்பார்கள்.

நீங்கள் குத்தகைக்கு எடுத்திருந்தால் பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும். சாகுபடி உங்களுடையது என்பதை அடங்கலில் கொண்டுவர அவருடைய ஒத்துழைப்பு வேண்டும். அதை விதைக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். குத்தகை என்றால் விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒப்புக்கொண்ட அளவைக் கொடுப்பது. வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. ஒத்தி என்பது நிலக்காரர் கடனாகப் பணம் வாங்கிக்கொண்டு, அதைத் திருப்பித் தரும்வரை நிலத்தை உங்கள் அனுபவத்தில் விடுவது.

ஏக்கர், குழி, மா

பட்டாவில் பரப்பு "0 - 81.00" என்பது போல இருக்கும். முதல் எண் ஹெக்டேர், அடுத்தது ஏர். ஒரு ஹெக்டேருக்கு 100 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய இரண்டரை சென்ட். ஆகவே 81 ஏர் என்பது 200 சென்ட், அதாவது 2 ஏக்கர். ஏரை 2.47-ஆல் பெருக்கினால் சென்ட் வந்துவிடும் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் வயலில் யாரும் ஏர் என்று பேச மாட்டார்கள். பழைய தஞ்சாவூர் வட்டாரத்தில் குழி, மா, வேலிதான். 12 அடிக்கு 12 அடி, அதாவது 144 சதுர அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு மா 14,400 சதுர அடி. அதனால் மூன்று மாவை ஒரு ஏக்கர் என்றே எல்லோரும் கணக்கு வைக்கிறார்கள். மா என்றால் 33 சென்ட். வேலி என்றால் 6.6 ஏக்கர்.

இது ஏதோ பழங்கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். நடவுக் கூலி, உழவு, விதை எல்லாம் இன்னமும் "மாவுக்கு இவ்வளவு" என்றுதான் பேசப்படுகின்றன. வேளாண் அலுவலர் ஏக்கருக்கு 24 கிலோ விதை என்பார், பக்கத்து வயல்காரர் மாவுக்கு எட்டு கிலோ என்பார், இரண்டும் ஒன்றே. யாராவது ஒரு அளவு சொன்னால் ஏக்கருக்கா மாவுக்கா என்று உடனே கேட்டுவிடுங்கள். வேறு மாவட்டத்துக்காரர் குழி என்று சொன்னால், அது எத்தனை அடிக் கோலால் அளந்த குழி என்றும் கேளுங்கள். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும்.

எந்தப் பட்டம், என்ன ரகம்

பட்டம் என்றால் விதைக்க ஏற்ற பருவம். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம் என்பதால் டெல்டாவில் பருவங்கள் அந்த நாளை ஒட்டியே ஓடுகின்றன. ஜூன், ஜூலையில் விதைத்து அக்டோபரை ஒட்டி அறுப்பது குறுவை. ஆகஸ்டில் விதைத்து தை மாதத்தில் அறுக்கும் ஒருபோகம் சம்பா. குறுவை அறுத்த அதே வயலில் மறுபடி நடுவது தாளடி. குறுவையின் தாள் மடங்கிய வயலில் நடுவதால் அந்தப் பெயர்.

ரகத்தின் பெயரில் அது பிறந்த ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், டி.கே.எம். என்றால் திரூர்குப்பம், கோ என்றால் கோயம்புத்தூர், டி.ஆர்.ஒய். என்றால் திருச்சி. எண் அந்த நிலையத்தின் வரிசை எண், வயது அல்ல. ஏ.டி.டி. 43 சுமார் 110 நாள் பயிர். சி.ஆர். 1009 கட்டாக்கில் பிறந்தது. 155 முதல் 160 நாள் நிற்கும். குறுவைக்கு 105 முதல் 120 நாள் வரை போகும் குறுகிய கால ரகம், சம்பாவுக்கு நீண்ட கால அல்லது மத்திய கால ரகம், தாளடிக்கு மத்திய கால ரகம் என்று பொதுவாகப் பிரித்துக்கொள்ளலாம். களர் நிலமாக இருந்தால் திருச்சி ரகங்களை விசாரியுங்கள். அவை அந்த மண்ணுக்காகவே எடுக்கப்பட்டவை.

விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டையின் நிறத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் வல்லுநர் விதை, வெள்ளை என்றால் ஆதார விதை, நீலம் என்றால் சான்று விதை. நமக்கு வயலில் போட வேண்டியது நீல அட்டை. அட்டையில் ரகம், குவியல் எண், முளைப்புத்திறன் சோதித்த நாள், காலாவதி நாள் இருக்கும். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள். விதை முளைக்காவிட்டாலோ கலப்பாக வந்தாலோ புகார் சொல்ல வேறு ஆதாரம் கிடையாது.

நாற்றங்காலும் இரண்டு நாள்கணக்கும்

ஏக்கருக்குக் குறுகிய கால ரகம் 24 கிலோ, மத்திய காலம் 16, நீண்ட காலம் 12 கிலோ விதை போதும். ஒரு ஏக்கர் நட 8 சென்ட் நாற்றங்கால் வேண்டும். விதையை முட்டை மிதக்கும் அளவு உப்புப் போட்ட தண்ணீரில் கொட்டினால் பதரும் அரைகுறை மணியும் மிதக்கும். அவற்றை அள்ளிவிட்டு, மூழ்கிய விதையை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவி எடுங்கள். அப்புறம் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நல்ல பாக்டீரியா) கலந்து ஊறவைத்து, ஈரச் சாக்கில் மூடி வைப்பதுதான் முளைகட்டுவது. வெள்ளை முனை தெரிந்ததும் நாற்றங்காலில் தெளித்துவிட வேண்டும். முளை நீண்டால் தெளிக்கும்போது ஒடியும்.

இந்தத் தெளித்த நாளை ஒரு நோட்டில் பெரிதாக எழுதுங்கள். ரகத்தின் வயது இதிலிருந்துதான் ஓடுகிறது. நாற்றின் வயதும் இதிலிருந்துதான்: குறுகிய கால ரகத்தை 18 முதல் 22 நாளில் பறித்து நட வேண்டும், மத்திய காலத்தை 25 முதல் 30 நாளில், நீண்ட காலத்தை 35 முதல் 40 நாளில். நட்ட அன்று இரண்டாவது தேதியை எழுதுங்கள். மேலுரம், களை, மருந்து பற்றி யார் பேசினாலும் "நட்ட 15-ஆம் நாள்" என்று இந்த இரண்டாவது தேதியிலிருந்தே சொல்வார்கள். நான் குழம்பியது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

இதில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். கதிர் உள்ளே உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்க இன்னொரு மாதம் போல. இந்த இரண்டும் எல்லா ரகத்துக்கும் பொது. 110 நாள் ரகமும் 155 நாள் ரகமும் வேறுபடுவது அதற்கு முந்தைய வளர்ச்சிக் காலத்தில் மட்டும். அப்படியானால் 110 நாள் ரகத்துக்கு அந்த முதல் கட்டம் மிகக் குறைவு. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, ஆள் கிடைக்கவில்லை என்று நாற்றை 35 நாள் வரை நாற்றங்காலிலேயே விட்டால், அது தூர் வெடிக்க (அடியிலிருந்து பக்கக் கிளைகள் விட) வேண்டிய நாட்களை அங்கேயே கழித்துவிடும். நட்ட பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்த நாட்கள் திரும்பி வராது. "கெழட்டு நாத்து" என்று நடவு ஆட்கள் சொல்வது இதைத்தான். குறுவையில் ஆளையும் தண்ணீரையும் உறுதி செய்துகொண்டு விதையுங்கள்.

சேறும் நடவும்

தண்ணீர் கட்டும் முன்பு உழுவது புழுதி உழவு. தண்ணீர் கட்டி உழுவது சேற்றுழவு. அதற்குத் தொழி உழவு என்றும் பெயர். உழவுக்கு முன் வரப்பின் ஓரத்தைச் செதுக்கி, எலி வளையையும் புல்லையும் நீக்கிச் சேறு பூசுவது அண்டை வெட்டுதல். கடைசியாகப் பலகை கட்டி இழுத்து மேடுபள்ளம் நிரவுவது பரம்படித்தல். பரம்பு சரியில்லாத வயலில் பள்ளத்தில் நாற்று அழுகும், மேட்டில் களை முளைக்கும். இந்த வேலையில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

ஆறேழு வாரம் முன்பே தண்ணீர் வசதி இருந்தால், ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது பசுந்தாள் உரம். வேறு இடத்திலிருந்து வேப்பந்தழை, புங்கந்தழை வெட்டி வந்து மிதித்தால் அது பசுந்தழை உரம். தாள் என்றால் அங்கேயே வளர்ந்தது, தழை என்றால் கொண்டுவந்தது.

நடவில் ஒரு இடத்தில் வைக்கும் இரண்டு மூன்று நாற்றுக்குக் குத்து என்று பெயர். "எட்டடிக்கு ஒரு அடி பட்டம் விட்டு நடுங்க" என்று சொன்னால் அது பருவப் பட்டம் அல்ல. நடுவில் விடும் வெற்றுப் பாதை. காற்றும் வெளிச்சமும் புகவும், புகையான் பூச்சி பெருகாமல் இருக்கவும், உள்ளே போய் உரம் போடவும் அது உதவும். நான் முதல் வருடம் இடம் வீணாகிறதே என்று வேண்டாம் என்றேன். நடவுக்கு வந்த அக்கா, "விடுங்க தம்பி, பின்னாடி நீங்களே கேப்பீங்க" என்றார். தூர் கட்டி வயல் மூடியபிறகு உள்ளே கால் வைக்க இடமில்லாமல் போனபோது அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தது.

உர மூட்டையின் எண்கள்

மூட்டையில் இருக்கும் மூன்று எண்கள் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. டி.ஏ.பி.யில் 18:46:0 என்றால் 100 கிலோவில் 18 கிலோ தழைச்சத்து, 46 கிலோ மணிச்சத்து, சாம்பல்சத்து இல்லை. யூரியாவில் தழைச்சத்து மட்டும் 46. பொட்டாஷில் சாம்பல்சத்து மட்டும் 60.

மண் பரிசோதனை அட்டையில் ஏக்கருக்கு 50:20:20 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பலர் இதை 50 கிலோ யூரியா என்று படித்துவிடுகிறார்கள். 50 என்பது சத்து. ஒரு மூட்டை டி.ஏ.பி. 50 கிலோ, அதில் மணிச்சத்து 23 கிலோவும் தழைச்சத்து 9 கிலோவும் வந்துவிடும். மீதித் தழைச்சத்து 41 கிலோவுக்கு யூரியா சுமார் 90 கிலோ வேண்டும். யூரியா மூட்டை 45 கிலோ, ஆகவே இரண்டு மூட்டை. சாம்பல்சத்து 20 கிலோவுக்கு பொட்டாஷ் 33 கிலோ. இப்படி ஒரு முறை தாளில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், கடைக்காரர் எடுத்து வைக்கும் கூடுதல் மூட்டையை மறுக்க முடியும்.

கடைசி உழவில் போடுவது அடியுரம். டி.ஏ.பி. முழுவதும் அடியுரமாகப் போகட்டும். யூரியாவை அப்படிப் போடக் கூடாது. அடியில் ஒரு பங்கு, மீதியை மேலுரமாகத் தூர் கட்டும்போது, கதிர் உருவாகும்போது, கதிர் வெளிவரும்போது என்று பிரித்துப் போடுங்கள். போடுவதா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் இலைவண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையை அட்டையின் பச்சையோடு ஒப்பிட்டு, 4-க்குக் கீழே இருந்தால் போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு மட்டும் அந்த அளவு 3. துத்தநாக சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோவை மணலில் கலந்து தனியாகத் தூவுங்கள், டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் பயிர் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டிப்போகும்.

தண்ணீர்

வாய்க்காலிலிருந்து வயலுக்குள் தண்ணீர் நுழையும் இடம் வாய்மடை, பேச்சில் வாமடை. மிச்சத் தண்ணீர் வெளியேறுவது வடிகால். கிளை வாய்க்கால்களுக்கு மாற்றி மாற்றித் தண்ணீர் விடுவது முறைப்பாசனம். உங்கள் வாய்க்காலின் முறை எந்த நாட்கள் என்று தெரியாமல் மேலுர நாளைக் குறிக்காதீர்கள். செய்தியில் வரும் டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு சுமார் 11,500 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும்.

"காய்ச்சலும் பாய்ச்சலும்" என்பதை வயலைக் காயப்போடுவது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். கட்டிய தண்ணீர் மறைந்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்போது மறுபடி இரண்டு அங்குலம் கட்டுவதுதான் அது. வேருக்குக் காற்று கிடைக்கும், தூர் கூடும். பூக்கும் சமயத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அப்போது தண்ணீர் நிற்க வேண்டும்.

பூச்சி, மருந்து

நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். அதே புழு கதிர் வந்தபிறகு தாக்கினால் கதிர் முழுக்க வெளுத்து நிற்கும், அது வெண்கதிர். இரண்டும் ஒரே பூச்சிதான். பயிர் வட்ட வட்டமாகப் புகைந்தது போலக் காய்ந்தால் புகையான். அடித்தூரை விலக்கிப் பாருங்கள், தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள்.

பொருளாதாரச் சேதநிலை என்று ஒரு சொல் வரும். பூச்சியால் வரும் நட்டம் மருந்துச் செலவைத் தாண்டும் எல்லை அது. தண்டுத் துளைப்பானுக்கு, காய்ந்த குருத்து நூற்றுக்குப் பத்து. அதற்குக் கீழே என்றால் சிலந்தியும் பொறிவண்டும் பார்த்துக்கொள்ளும், மருந்து வேண்டாம். அடித்தே ஆக வேண்டும் என்றால், கடையில் "டேங்க்குக்கு 20 மில்லி" என்று சொல்லும்போது எத்தனை லிட்டர் டேங்க் என்று கேளுங்கள். 10 லிட்டரும் இருக்கிறது, 16 லிட்டரும் இருக்கிறது. டப்பாவில் முக்கோணம் சிவப்பாக இருந்தால் மிகக் கொடிய நஞ்சு. மஞ்சள், நீலம், பச்சை என்று வரிசையாகக் குறையும்.

அறுவடையும் விற்பனையும்

கதிரில் நூற்றுக்கு எண்பது மணி வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டால் அறுக்கலாம். ஒரு வாரம் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்துவிடுங்கள். காய்ந்த வயலில் டயர் மெஷின் போதும். சேற்றில் பெல்ட் மெஷின்தான் இறங்கும், வாடகை அதிகம். மணியே இல்லாத உமி பதர், பாதி முற்றியது கருக்காய்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பமாக எடுப்பார்கள். இரண்டரை சிப்பம் ஒரு குவிண்டால். வியாபாரி மூட்டை 60 கிலோ அல்லது அதற்கு மேல் இருக்கும். ஆகவே "ஏக்கருக்கு 40 மூட்டை கண்டுச்சு" என்று கேட்டதும் எத்தனை கிலோ மூட்டை என்று கேட்டுவிட்டு உங்கள் விளைச்சலோடு ஒப்பிடுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 20 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோவை 17-க்குக் காயவைத்தால் எடை 96 கிலோ சொச்சமாகக் குறையும். அதை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். மத்திய அரசு 2025-26 பருவத்துக்கு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், சன்ன ரகம் 2,389 ரூபாய். மாநில அரசின் ஊக்கத்தொகை அதற்கு மேல். போகும்போது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம் நான்கும் கையில் இருக்கட்டும்.

சம்பா, தாளடிக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு சொல்: தரிசுப் பயறு. நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுபோல இருக்கும் பதத்தில், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பச்சைப் பயறையோ தூவிவிடுவது. வயலில் இருக்கும் ஈரமும் பனியும் போதும், தனியாகத் தண்ணீர் வேண்டாம். ஏ.டி.டி. 3 உளுந்து இதற்கென்றே உள்ள ரகம். தூவிய பிறகு மெஷினின் சக்கரமோ பெல்ட்டோ ஏறிய இடத்தில் முளை நசுங்கும் என்பதால், மெஷினில் அறுக்கிறவர்கள் அறுத்த மறுநாளே ஈரம் இருக்கும்போது தூவுவதும் உண்டு. எப்படிச் செய்தாலும் அறுவடை நாள் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நோட்டில் எழுதிய முதல் தேதியை எடுத்து, அங்கிருந்து எண்ணுங்கள்.